காணாமல் போன மோட்டார்

கதவைத் தட்டத் தட்ட, உள்ளே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

முதல் தட்டுக்கு மேல் தாழ்ப்பாள். இரண்டாவதுக்குக் கீழ்த் தாழ்ப்பாள். மூன்றாவதுக்குச் சங்கிலி கலகலத்தது.

"அம்மா! போலீஸ்! கதவைத் திறங்க!" என்று கத்தினார் ரைட்டர்.

நான்காவதாக, கனமான ஏதோ ஒரு சாமான் தரையில் தேய்ந்து வந்து கதவில் முட்டி நின்றது.

"பீரோவாய்யா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"சத்தத்தைக் கேட்டா புத்தக அலமாரி மாதிரி இருக்கு, மேடம்."

"இன்னும் ரெண்டு தட்டு தட்டு. வீட்டையே தூக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துடுவாங்க."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது. "போலீஸ்னு சொல்லிக்கிட்டுத் திருட்டுப் பசங்க வருவாங்கன்னு ஐயா அப்பவே சொன்னாரு! போயிடுங்க! இங்க ஐயா லைன்ல இருக்காரு!"

மணி பதினொன்று ஐந்து. கையில் இருப்பது இருபத்தைந்தே நிமிடம்.

அந்த ஸ்டேஷனில் ரைட்டருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வருகிறவர்கள் அழுது, கத்தி, மூக்கைச் சிந்திச் சொல்வதையெல்லாம் கேட்டுப் புகாராக எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை, அதே நாற்காலி. பேனா மட்டும் அவ்வப்போது மாறும், அதுவும் பெரும்பாலும் புகார் கொடுக்க வந்தவர்களுடையது.

இன்று காலை பத்தரைக்கு அந்த மேசைக்கு ஒரு போன் வந்தது. பேங்க் கவுண்டரில் வேலை பார்க்கும் பெண். வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல் பேசினாள்.

"சார், இங்க ஒரு அம்மா. ரிட்டயர்டு லைப்ரேரியன். நேத்து ஒரு டெபாசிட்டை உடைச்சாங்க. இன்னிக்கு இன்னொண்ணை உடைக்கணும்ங்கறாங்க. எதுக்குன்னு கேட்டா நிலம் வாங்கறேன்னு அழுதுக்கிட்டே சொல்றாங்க. நிலத்தை விக்கும்போது அழுவாங்க, வாங்கும்போது எவ சார் அழுவா? போனைக் கையை விட்டு வைக்கவே இல்ல. அடிக்கடி அதைப் பார்த்து, சரிங்க ஐயா, சரிங்க ஐயாங்கறாங்க."

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னொண்ணு சார். போன மாசம் அவங்க அப்பா வீட்டை வித்து வந்த பணம் இது. ரெண்டு பங்கு, ரெண்டு டெபாசிட். நேத்துப் போனது அவங்க பங்கு. இன்னிக்கு உடைக்கறது அவங்க தங்கச்சி பங்கு. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் இருக்கு, இதை நான் தொடவே மாட்டேன்னு என்கிட்டத்தான் சொன்னாங்க. சர்வர் ஸ்லோ, பதினொன்றரைக்குத்தான் பணம் கணக்குல விழும்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டேன். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

உலகத்தில் சர்வர் ஸ்லோவானதால் ஒருவருக்கு நல்லது நடந்தது அநேகமாக அன்றைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்டும் பேங்க் மேனேஜர் மட்டும் மசியவில்லை. கணக்குக்காரரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய புகார் இல்லாமல் நிறுத்தி வைத்தால் நாளைக்கு என் மேல் கேஸ் வரும் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. பதினொன்றரைக்குப் பணம் விழும். பதினொன்று முப்பத்தொன்றுக்கு அந்த அம்மா போனில் ஒரு பட்டனை அழுத்துவார். அதோடு தங்கச்சியின் முழங்கால் போனது போனதுதான்.

"ஐடி கார்டைக் காட்டுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

கதவில் கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஓட்டை இருந்தது. ரைட்டர் அட்டையை அதற்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஒரு கண் அசைவது தெரிந்தது.

"ஐயாவும் கார்டு காட்டினாரு," என்றது குரல். "உங்களதை விடப் பளபளன்னு இருந்துச்சு. அவர் யூனிஃபார்ம்ல ஒரு கசங்கல் இல்ல. உங்க சட்டையில ரெண்டாவது பட்டனே இல்ல."

ரைட்டர் குனிந்து பார்த்தார். இல்லைதான்.

"ஸ்டேஷனுக்கு போன் பண்ணிக் கேளுங்கம்மா," என்று இன்ஸ்பெக்டர் குரலைக் குழைத்துப் பார்த்தார்.

"எதுக்கு? ஒரு தடவை அந்த நம்பருக்கு நாள் முழுக்க அடிச்சேன், யாரும் எடுக்கல. ஐயா முதல் மணியிலயே எடுக்கறாரு!"

இன்ஸ்பெக்டர் திரும்பி ரைட்டரைப் பார்த்தார். அந்த டெலிபோன் இருப்பது ரைட்டர் மேசையில். ரைட்டர் வானத்தைப் பார்த்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கி வந்த டிரைவர் சட்டைக் கையை மடக்கினார். ஆள் ஆறடி, அகலம் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. "மேடம், நீங்க ம்னு சொல்லுங்க. ஒரே உதை. கதவும் அலமாரியும் சேர்ந்து பின்வாசலுக்குப் போயிடும்."

"வேண்டாம்!" ரைட்டர் குறுக்கே கையை நீட்டினார். "உடைச்சா, அவன் சொன்னது அத்தனையும் உண்மைன்னு ஆயிடும். அவங்க பயந்துபோய் இருக்கற காசை எல்லாம் இப்பவே அனுப்பிடுவாங்க. அவன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான்."

"அப்ப என்னதான்யா பண்றது? வாசல்ல உட்கார்ந்து பஜனை பாடுவோமா?"

ரைட்டர் வீட்டின் பக்கவாட்டுக்கு நடந்தார். அங்கே ஒரு ஜன்னல், கதவு விரலளவு திறந்திருந்தது. உள்ளே நடப்பது தெரியவில்லை. ஆனால் போனிலிருந்து வரும் ஆண் குரல் தெளிவாகக் கேட்டது. நிதானமான, கனிவான குரல்.

"பயப்படாதீங்கம்மா. நீங்க கேமராவுக்கு நேரா உட்காருங்க. உங்க பேர்ல வந்த அந்தப் பார்சல் விஷயத்துல நீங்க நிரபராதின்னு எனக்குத் தெரியும். உங்க பணம் சுத்தமான பணம்தான்னு சோதிச்சதும், மொத்தமும் திரும்ப உங்க கணக்குக்கே வந்துடும்."

அந்தக் குரல் காதில் விழுந்ததும் ரைட்டர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர் கிசுகிசுத்தார். "எவ்வளவு மரியாதையாப் பேசறான் பாரு. நம்ம ஸ்டேஷன்ல ஒருத்தனாவது இப்படிப் பேசுவானா?"

"இப்ப தண்ணி குடிக்கச் சொல்லுவான்," என்றார் ரைட்டர்.

"என்னது?"

"கொஞ்சம் பதறினா தண்ணி குடிக்கச் சொல்லுவான். அப்புறம், நானும் உங்க பிள்ளை மாதிரிதான்ம்பான்."

உள்ளே குரல் தொடர்ந்தது. "முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா. குடிச்சீங்களா? நானும் உங்க பிள்ளை மாதிரிதான்."

இன்ஸ்பெக்டர் ரைட்டரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படிய்யா?"

"எல்லாம் அனுபவம்தான் மேடம். எத்தனை புகார் எழுதறோம்."

"போன ஆறு மாசமா நான் பார்க்கறேன். இந்த மாதிரிப் புகார் ஒண்ணுகூட நம்ம ஸ்டேஷன்ல எழுதினதா எனக்கு ஞாபகம் இல்லையே?"

ரைட்டரின் பார்வை வேறெங்கோ நின்றுவிட்டது.

ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்ட் மேடை. மேடையின் நாலு மூலையிலும் துருப்பிடித்த நாலு போல்ட்டுகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. ஒரு பூந்தொட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது.

"ஐயோ," என்றார் ரைட்டர். "மோட்டார் அம்மா."

"யாரு?"

ரைட்டர் அந்த வெற்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று பதினாலு.

"மேடம், இந்தக் கதவைத் திறக்க ஒரு வழி இருக்கு. ஆனா அதை நீங்களும் பக்கத்துல நின்னு கேட்க வேண்டியிருக்கும். கேட்டதுக்கு அப்புறம் என்னை நீங்க என்ன பண்ணினாலும் சரி."

"பீடிகை போடாம செய்யுய்யா. மணி ஆகுது."

ரைட்டர் ஓடி வாசலுக்கு வந்தார். இந்த முறை தட்டவில்லை. கதவில் வாயை வைத்தாற்போல் நின்று, மெதுவாகப் பேசினார்.

"அம்மா, நான் உங்களைத் திறக்கச் சொல்லல. அலமாரி அங்கேயே இருக்கட்டும். ஒரே ஒரு உதவி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஒரு புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

உள்ளே அசைவு நின்றது.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல என்ன நடந்துச்சுன்னு அந்த ஐயாகிட்டக் கேளுங்க. அவர் போலீஸ்னா அவர்கிட்ட ரெகார்டு இருக்கும் இல்லையா? அவர் சொல்லி முடிச்சதும் அதே கேள்வியை என்கிட்டக் கேளுங்க. அப்புறம் எங்க ரெண்டு பேர்ல யாரு திருடன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

காலடிச் சத்தம் உள்ளே போனது. மூவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஆறடி டிரைவர் ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தது, யானை கூடைக்குப் பின்னால் ஒளிந்த கணக்காக இருந்தது.

"ஐயா," என்றார் லைப்ரேரியன் உள்ளே. "ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஸ்டேஷன்ல ஒரு புகார் கொடுத்தேன். அது உங்க ரெகார்டுல இருக்கா?"

ஒரு நொடி இடைவெளி. ஒரே ஒரு நொடி.

"இருக்கும்மா. எல்லாம் என் கண் முன்னாடிதான் இருக்கு. அன்னிக்கு உங்களை உட்கார வெச்சு, மரியாதையா விசாரிச்சு, உடனே திருட்டு கேஸ் பதிவு பண்ணியிருக்காங்க."

"உட்கார வெச்சா?"

"ஆமாம்மா."

"திருட்டு கேஸா?"

"ஆமாம்மா. கேஸ் நம்பர் போட்டு, கையோட உங்களுக்கு ஒரு காப்பியும் கொடுத்திருக்காங்க. அதானே முறை."

"அதானே முறை," என்று லைப்ரேரியன் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

மர இழுப்பறை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. அட்டைகள் சரசரவென்று புரண்டன. பிறகு காலடிகள் மறுபடி வாசலுக்கு வந்தன. மூவரும் மறுபடி வாசலுக்கு ஓடினார்கள்.

"வெளியில இருக்கறவரே," என்றது குரல். நடுக்கம் குறைந்து, புத்தகம் தாமதமாகத் திருப்பித் தருபவரை விசாரிக்கும் தோரணை வந்திருந்தது. "இப்ப நீங்க சொல்லுங்க. நான் எதையும் மறக்கறதில்ல. எழுதி வெச்சிருக்கேன். அட்டை கையில இருக்கு."

ரைட்டர் ஒரு தடவை இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துப் பேசினார்.

"மாசக் கடைசி நாள் அது. நீங்க காலையில வந்தீங்க. உங்களை யாரும் உட்காரச் சொல்லல. மூணு மணி நேரம் நிக்க வெச்சோம். அப்புறம் நீங்களே போய் ஒரு பெஞ்சுல உட்கார்ந்தீங்க. அதுல ஒரு கால் ஆடும்."

"ம்."

"வீட்டுத் தண்ணி மோட்டாரை ராத்திரியில யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னீங்க. அந்த மாசம் ஏற்கெனவே திருட்டு கேஸ் கூடிப் போச்சு. இன்னும் ஒண்ணு எழுதினா மேல கேட்பாங்க. அதனால திருட்டுன்னு எழுத முடியாது, காணாமல் போச்சுன்னு எழுதிக் கொடுங்கன்னு நான் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"அதுக்கு நான் என்ன கேட்டேன்?"

"நாலு போல்ட் போட்டு முடுக்கி வெச்ச மோட்டார் எப்படிய்யா காணாமல் போகும்? காலாற நடந்துட்டு வரலாம்னு கிளம்பிப் போச்சான்னு கேட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சிரிச்சேன்மா." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், இஷ்டம்னா கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா நாளைக்கு வாங்கன்னு சொன்னேன். உங்க பேனாவை வாங்கித்தான் எழுதினேன். பச்சைக் கலர் பேனா. திருப்பிக் கொடுக்கல."

"அந்தப் பேனா இப்ப எங்க?"

"ரெண்டே மாசத்துல மை தீர்ந்துடுச்சுங்க."

அலமாரி தரையில் தேய்ந்து நகர்ந்தது. சங்கிலி விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள்.

கதவைத் திறந்து நின்றவருக்கு நேற்றிலிருந்து தூக்கமில்லை என்பது ரைட்டருக்கு முகத்திலேயே தெரிந்தது. ஒரு கையில் பழுப்பேறிய அட்டை. மறு கை கதவைப் பிடித்திருந்தது, விட்டால் விழுந்துவிடுவார் போல.

"உண்மையான போலீஸ் நீங்கதான்," என்றார் லைப்ரேரியன். "இவ்வளவு கேவலமா வேற யாரும் நடந்திருக்க முடியாது."

மணி பதினொன்று இருபத்தி மூணு.

மேசை மேல் ஒரு தடித்த அகராதியில் சாய்த்து வைத்த போனில், பளபளக்கும் யூனிஃபார்மில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்னால் கொடிகூட வைத்திருந்தான். ரைட்டர் குனிந்து கேமராவுக்கு நேராக முகத்தைக் காட்டினார். ரைட்டரின் பட்டன் இல்லாத சட்டையும் அவனுடைய கசங்காத சட்டையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"யார் நீங்க? அரசாங்க விசாரணையில தலையிடறீங்க!" என்றான் அவன்.

"தண்ணி குடிங்க தம்பி," என்றார் ரைட்டர்.

திரை கறுத்தது.

அதற்குள் இன்ஸ்பெக்டர் பேங்க்கைப் பிடித்துவிட்டார். ஸ்பீக்கரில் கவுண்டர் பெண்ணின் குரல். லைப்ரேரியன் போனை வாங்கி, "நான்தாம்மா பேசறேன். எதையும் உடைக்க வேண்டாம். அது என் தங்கச்சியோடது," என்றார். மறுமுனையில் கவுண்டர் பெண் விட்ட மூச்சு எல்லோருக்கும் கேட்டது. "அம்மா, சர்வர் சரியாயிடுச்சு," என்றாள்.

டிரைவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்ததோடு நின்றிருக்கலாம். "ஏம்மா, இவ்வளவு புத்தகம் படிச்சவங்க. போயும் போயும் இப்படியா ஏமாறுவீங்க?"

"வாயை மூடுய்யா!"

ரைட்டர் அப்படிக் கத்தி அந்த ஜீப்பும் பார்த்ததில்லை, டிரைவரும் பார்த்ததில்லை. டிரைவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? மேடம், இவர் இப்பல்லாம் இப்படித்தான். எட்டு மாசமா ஆளே சரியில்ல. இருந்த பைக்கை வித்துட்டு பஸ்ல வர்றாரு, கேட்டா டாக்டர் நடக்கச் சொன்னாருங்கறாரு. பஸ்ல ஏறினா எப்படி நடக்கறது?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்று அதட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்து லைப்ரேரியன் எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, தங்கச்சி பங்கு தப்பிச்சது. ஆனா நேத்து உங்க பங்கு போயிருக்கு. அது போய் இன்னும் ஒரு நாள் ஆகல. கணக்குக்குக் கணக்கு தாவிக்கிட்டே இருக்கும். நடுவுல எங்கேயாவது நின்னு மூச்சு வாங்கிக்கிட்டிருந்தா, அங்கேயே மடக்கிடலாம். அதுக்கு உங்க புகார் வேணும். இப்பவே வேணும்."

லைப்ரேரியன் டம்ளரை மேசையில் வைத்தார். வைத்த டம்ளரை ஒரு அங்குலம் நகர்த்தினார்.

"வேண்டாம்."

"என்னம்மா சொல்றீங்க? அது ஒண்ணுதானே உங்ககிட்ட இருந்தது?"

"ஆமாம். எங்க லைப்ரரியில பென்ஷனும் கிடையாது. இருந்தாலும் வேண்டாம்." அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "இந்தத் தெருவுல யாருக்கு என்ன கடிதாசி வந்தாலும் என்கிட்டத்தான் கொண்டுவந்து அர்த்தம் கேட்பாங்க. என் தங்கச்சிக்கு நான்தான் உலகம். ஒரு ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கிட்டு, போனுக்கு முன்னாடி கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம் போகலாமா ஐயான்னு அவன்கிட்ட அனுமதி கேட்டேன். இதையெல்லாம் காகிதத்துல எழுதி, கீழ கையெழுத்துப் போடணுமா? எந்தக் காகிதமும் ஒரு நாள் வெளியில வரும். அது என் தொழில், எனக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

லைப்ரேரியன் ரைட்டர் பக்கம் திரும்பினார். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, சிரிப்பு இல்லை. "காணாமல் போச்சுன்னு எழுதிக்கோங்களேன். உங்களுக்கும் அதுதானே சௌகரியம்? காலாற நடந்துட்டு வரலாம்னு கிளம்பிப் போச்சுன்னு வெச்சுக்கலாம்."

ரைட்டர் ஸ்டேஷனில் இருக்கும் தன் மேசையை நினைத்தார். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மேசைக்கு முன்னால் நின்ற எத்தனையோ பேர் இதே போல் தலையைக் குனிந்து, "போனது போகட்டும் சார்" என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு அவர் நிம்மதியாகப் பேனாவை மூடியிருக்கிறார். ஒரு வேலை குறைந்தது. கணக்கில் ஒரு குற்றம் குறைந்தது. ஊரே ஒழுங்காக இருப்பது போலத் தோன்றும். வீடு புகுந்த திருடனுக்கும் சரி, போனில் புகுந்த திருடனுக்கும் சரி, இதை விடச் சிறந்த கூட்டாளி வேண்டுமா?

வீட்டுக்கு வெளியே நாலு போல்ட்டுகள் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தன.

ரைட்டர் தோள் பையைக் கீழே இறக்கி, புகார்ப் படிவங்களை எடுத்தார். ஒன்றல்ல, இரண்டு. மேசை முனையில் உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார்.

லைப்ரேரியன் இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்து நீட்டினார். பழக்க தோஷம்.

"இதையாவது திருப்பிக் கொடுங்க."

"கண்டிப்பா," என்று வாங்கி, ரைட்டர் முதல் படிவத்தை எழுத ஆரம்பித்தார். வேகமாக எழுதினார். நடுவில் நிறுத்தவில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"யோவ், அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே? நீ பாட்டுக்கு எழுதற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ரைட்டர் நிமிரவில்லை. பக்கத்தின் அடி வரை எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு போட்டார். படிவத்தைத் திருப்பி லைப்ரேரியன் பக்கம் தள்ளினார். எழுதாத இரண்டாவது படிவத்தை அதன் பக்கத்தில் வைத்தார். பேனாவை இரண்டுக்கும் நடுவில் வைத்தார்.

"அது உங்களுக்கு. நீங்களே எழுதுங்க. திருட்டுன்னே எழுதுங்க," என்றார். "இதைப் படிச்சுட்டு எழுதுங்க."

லைப்ரேரியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிவத்தைக் கையில் எடுத்து, நூலகத்தில் படிப்பது போல் உதடு அசையாமல் படித்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. ரைட்டரை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"ரெகார்டு ரூமா?" என்று மெதுவாகக் கேட்டார். "கதவைச் சாத்திக்கிட்டா?"

"ரெண்டு நாள்மா. மதியச் சாப்பாட்டு நேரத்துல. வீட்டுல கேட்டா டாக்டர் மேல பழியைப் போட்டேன்."

"என்னம்மா அது? கொடுங்க," என்று இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

லைப்ரேரியன் கொடுக்கவில்லை. இடது கையால் அந்தப் படிவத்தைப் பொத்திக்கொண்டு, வலது கையால் பேனாவை எடுத்தார். வெற்றுப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியில் தன் பெயரை எழுதினார். அடுத்த வரியில் முகவரி. காணாமல் போன பொருள், திருடப்பட்ட பொருள் என்று அச்சிட்டிருந்த இடத்தில் முதலாவதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். தாள் கிழிந்துவிடும் போல அழுத்தி அடித்தார்.

அப்புறம்தான் இடது கையை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் முதல் படிவத்தைக் கையில் எடுத்தார். தேதி, எட்டு மாதத்துக்கு முந்தியது. சம்பவம், ரெகார்டு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய வீடியோ அழைப்பு, எதிரில் போலீஸ் அதிகாரி வேடம், பார்சலில் தப்பான பொருள் என்று மிரட்டல், தண்ணீர் குடிக்கச் சொன்னது, பிள்ளை மாதிரி என்று சொன்னது. பறிபோனது, பைக் விற்ற தொகை, மனைவியின் பெயரில் இருந்த சேமிப்பு. இதுவரை புகார் கொடுக்காததற்குக் காரணம், வெட்கம்.

ஏமாந்தவரின் தொழில் என்ற இடத்தில், எழுத்து கோணாமல் எழுதியிருந்தது: போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்.